டக் டக்கா, டொக் டொக்கா?

எங்கள் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் என்னைத்தான் விசாரிப்பார். "ஏதோ சத்தம் வருதுங்ண்ணா" என்று சொன்னால் அவருக்குப் போதாது. "எப்புடி வருதுங் தம்பி? டக் டக்குன்னுங்களா, டொக் டொக்குன்னுங்களா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருக்கும் பனியன் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி காத்திருப்பார். பதினோரு வருடங்களுக்கு முன்னால் முதல் தடவை அவர் அப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. "இன்னொருக்கா ஓட்டிட்டு வாங்க. நல்லாக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். கோவை கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரை போய்த் திரும்பி, "வேகத்தடையில மெதுவா ஏறி இறங்கறப்ப டொக் டொக்குன்னு வருதுங்ண்ணா" என்றேன். "அப்ப புஷ்ஷுங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அன்று தொடங்கிய பாடம் இன்னும் முடியவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று வேகமாக வந்தால் ஆக்சில் ஜாயின்ட். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டுச் சற்று நேரத்தில் அடங்கினால், ஆயில் இன்னும் மேலே ஏறவில்லை என்று பொருள். வேகம் கூடக் கூட 'உய்ங்' என்று கூடவே ஏறினால் வீல் பேரிங். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் 'உஸ்ஸ்' என்றால் டர்போ குழாய் எங்கோ விட்டிருக்கிறது.

நான் தமிழாசிரியன். இருபத்தைந்து வருடங்களாக வகுப்பில் இரட்டைக்கிளவி நடத்துகிறேன். பிரித்தால் பொருள் தராது, சேர்ந்தேதான் நிற்கும் என்று கரும்பலகையில் எழுதி, சலசல, மளமள என்று எடுத்துக்காட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தச் சொற்களை ஒருவர் ஸ்பானரைப் போலக் கையில் எடுத்து வேலை செய்வதை அண்ணன் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில்தான் பார்த்தேன். டக் என்பதற்கும் டொக் என்பதற்கும் நடுவில் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனுக்கே தன் வண்டியைப் பற்றிப் பேச வாய் இருக்கிறது.

வண்டி 2005-இல் பதிவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின், நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் இருபது வால்வு, 150 குதிரைத்திறன். ஐரோப்பாவில் இதே ஆர்எஸ் 180 குதிரைத்திறனோடு விற்றது. நம் ஊருக்கு வந்தபோது குறைத்தார்கள். குறைத்த பிறகும், அந்தக் காலத்தில் நான்கு கதவு வைத்த ஒரு குடும்ப வண்டி இப்படிப் பாய்வதைக் கோவைச் சாலைகள் அதிகம் பார்த்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அமைதியான வண்டி. குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும், அரிசி மூட்டை ஏற்றும், பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். இரண்டாவது கியரில் வலது காலைச் சற்று அழுத்தினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

2014-இல் நான் வாங்கும்போது 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 2,38,000. நிலநடுக்கோட்டில் உலகைச் சுற்றினால் 40,075 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஆறு சுற்று. ஒரு கிலோமீட்டருக்கு இஞ்சின் சுமார் 3,000 தடவை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால் இதுவரை எழுபது கோடிச் சுழற்சிகளுக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் முப்பத்தைந்து கோடி தடவை நெருப்பு பற்றி எரிந்து அடங்கியிருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் அது மறுபடியும் பற்றுகிறதே என்று எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

வாத்தியாருக்கு எதற்கு இவ்வளவு வேகம் என்று வாங்கிய நாளில் எல்லோரும் கேட்டார்கள். கோவையில் வளர்ந்தவனிடம் இதைக் கேட்பது கொஞ்சம் அநியாயம். கரிவரதன் இங்கே ரேஸ் கார்களைக் கட்டிய ஊர் இது. 1995-இல் அவர் இறந்துபோனார். செட்டிபாளையத்து ஓட்டப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நரேன் கார்த்திகேயன் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியது 2005-இல். அந்த வருடம் நானும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் தவம் கிடந்தோம். அதே 2005-ஐ ஆர்.சி. புத்தகத்தில் பார்த்தபோதே என் மனம் பாதி முடிவெடுத்துவிட்டது. மீதிப் பாதியை முடிவு செய்தது பெடல் ரப்பர். கிலோமீட்டர் மீட்டரைத் திருத்தலாம். பிரேக் பெடலின் தேய்மானத்தையும் கியர் குமிழின் வழுக்கலையும் திருத்த யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கே தேய்ந்திருந்த அளவும் மீட்டர் சொன்ன கணக்கும் ஒத்துப்போயின. விலை 2,60,000 ரூபாய்.

முதல் ஆறேழு வருடம் நான் அந்த வண்டியை வைத்திருந்த விதத்தை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினால் விலை விழுந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் ஊட்டிக்குப் பஸ்ஸில் போனோம், வண்டி வீட்டில் நின்றது. பல்லடம் பக்கம் மச்சான் தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் அடிபடும் என்று மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வெயிலில் அம்மாவை நடக்க வைத்தேன். சீட்டில் யாராவது பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்கு முகம் சுருங்கும். யாருக்காக இவ்வளவு? எனக்குப் பிறகு இதை வாங்கப்போகிற, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக. அவருடைய வண்டியை நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

2021-இல் புது வண்டி பார்க்கலாம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனோம். பழையதை மாற்றிக்கொள்ள என்ன தருவீர்கள் என்று கேட்டதும், ஓர் இளைஞர் வெளியே வந்து வண்டியை ஒரு முறை சுற்றினார். பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்டார்ட் செய்யவில்லை. போனில் எதையோ பார்த்துவிட்டு, "நாப்பதாயிரம் போடலாம் சார்" என்றார். அவர் மீது குற்றமில்லை. அவர் கையிலிருந்த கணக்கில் வருடத்துக்கும் கிலோமீட்டருக்கும்தான் கட்டம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் 38,000 ரூபாய்க்கு முன்பக்கச் சஸ்பென்ஷன் முழுக்க மாற்றியிருந்தோம். அதை எழுதக் கட்டம் இல்லை.

திரும்பி வரும் வழியில் என் மனைவி பேசவில்லை. நான் மனம் உடைந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். உண்மையில் தோளிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. இனி இதை வாங்க யாரும் வரப்போவதில்லை. வருகிறவருக்காக எதையும் காக்க வேண்டியதில்லை. ஏழு வருடம் கழித்து அன்றைக்குத்தான் வண்டி என் கைக்கு வந்தது. அந்த வாரமே மச்சான் தோட்டத்து வாசல் வரை ஓட்டிப்போய் அம்மாவை இறக்கிவிட்டேன். விலை இருக்கும் வரை ஒரு பொருளில் சந்தைக்கும் பங்கு உண்டு. நாம் பாதி உரிமையாளர்தான். வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன், படித்த படிப்புக்கும்கூட. எத்தனை பேர் நம் பிள்ளைகளையே அடுத்தவர் மதிப்பீட்டுக்காகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறோம்!

பராமரிப்பு என்பதன் பொருளும் அதன் பிறகு மாறியது. விற்கிறவன் கண்ணுக்குத் தெரிவதைச் செய்வான்: பாலிஷ், சீட் கவர். வைத்துக்கொள்கிறவன் தெரியாத இடத்தில் செலவழிப்பான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் மலையிறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றியதை யாரும் வந்து பார்த்து மெச்சமாட்டார்கள்.

டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வுகள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி, அடுத்த நொடியே இஞ்சின் பாழ். எண்பதாயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றிவிட வேண்டும் என்பது அண்ணன் வகுத்த கணக்கு. வாங்கியபோது மாற்றினோம். 2019-இல் மறுபடி மாற்ற வேண்டிய நேரத்தில் மகளின் பள்ளிக் கட்டணம் குறுக்கே வந்தது. எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பும்போது என் வயிறு இறுகியது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் கழற்றிய பழைய பட்டையை வாங்கி விரலில் மடக்கிப் பார்த்தேன். முதுகில் மெல்லிய கீறல்கள், வறண்ட குளத்து மண்போல. ஒரு கடமையைத் தள்ளிப்போட்டால் அது உடம்பில் எங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று அந்த எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

இந்த வண்டியைப் பற்றி எழுதிவிட்டு அந்தப் புகைக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2016 ஐப்பசி. லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கும்போது இஞ்சின் தானாக ஏறும், இறங்கும். முள் 600-க்கும் 1,100-க்கும் நடுவே ஊசலாடும். மேட்டில் இழுவை இல்லை. முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, டர்போ போய்விட்டது, 1,40,000 ரூபாய் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். என்ன சத்தம், எப்போது வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

அவருக்கும் உடனே பிடிபடவில்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினார், சரியாகவில்லை. த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார், இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி அதே கதை. "ரெண்டு தடவ தப்பாச் சொல்லிப்போட்டேன் தம்பி. அதுக்குக் காசு வேண்டாங்க" என்றார். மூன்றாவது வாரம் போன் வந்தது: "ஞாயித்துக்கெழம வாங்க. ஒரு சாமான் செஞ்சு வெச்சிருக்கறேன்."

அவர் செய்து வைத்திருந்தது மூடி போட்ட ஒரு பழைய பெயிண்ட் டப்பா. உள்ளே ஏதோ டீசல் வண்டியிலிருந்து கழற்றிய குளோ பிளக், அதைச் சுற்றித் திரி, அடியில் குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெய். பேட்டரி வயரை வைத்ததும் பிளக் சிவந்து, எண்ணெய் வெண்புகையாகக் கிளம்பியது. கம்ப்ரஸர் காற்றை மிக மெல்லமாக டப்பாவுக்குள் விட்டு, வெளியே வரும் புகைக் குழாயை இஞ்சின் மூச்சிழுக்கும் வாயில் பொருத்தினார். ஷெட் கதவைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். இருவரும் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து நின்றோம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இன்டேக் குழாய்களுக்குக் கீழே, கை நுழையாத இடத்தில், ஊதுபத்தி நுனியிலிருந்து கிளம்புவதைப் போல ஓர் இழை மேலே வந்தது. அண்ணன் பேசவில்லை, விரலை மட்டும் நீட்டினார்.

விரல் நீள ரப்பர் குழாய். பத்து வருடச் சூடும் ஆயில் ஆவியும் பட்டு, சுட்ட கத்தரிக்காய்த் தோல்போல வழுவழுத்துப்போய், அடிப்பக்கம் கீறியிருந்தது. உள்ளே இழுக்கும் காற்றை எடைபோட்டு அதற்கேற்ற பெட்ரோலைத் தரும் வண்டி இது. அந்தக் கீறல் வழியாக எடைபோடாத காற்று திருட்டுத்தனமாக நுழைந்ததில் கணக்கு குழம்பிவிட்டது. புதுக் குழாய் 180 ரூபாய். வேலைக்கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூலிதான் என்றார். நான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன், அந்த டப்பாவுக்கு.

அந்த ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு நேரம் கிடையாது, கேட்பதற்கு இடம் கிடையாது. என் வண்டியைச் செய்த நிறுவனம் பிறந்ததைப் பற்றி அவர்களே சொல்லிவரும் ஒரு கதை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1894-இல், இன்றைய செக் நாட்டில், வாக்லாவ் கிளெமென்ட் என்ற புத்தக வியாபாரி தன் மிதிவண்டியைப் பழுதுபார்க்கச் சொல்லி, அதைச் செய்த ஜெர்மன் கம்பெனிக்குத் தன் தாய்மொழியான செக்கில் கடிதம் எழுதினார். எங்களுக்குப் புரியும் மொழியில் எழுது என்று பதில் வந்தது. அவர் ஜெர்மனில் எழுதி அனுப்பவில்லை. 1895-இல் வாக்லாவ் லாரின் என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து ம்லாடா போலெஸ்லாவ் என்ற ஊரில் சொந்தமாக மிதிவண்டிப் பட்டறை போட்டார். பட்டறை மோட்டார் சைக்கிளாகி, 1905-இல் காராகி, 1925-இல் ஸ்கோடாவோடு சேர்ந்தது. ஒருவன் தன் குறையைத் தன் மொழியில் சொன்னபோது கேட்க ஆளில்லாமல் போனதில் தொடங்கிய வம்சத்து வண்டியை, நூற்றுச் சொச்சம் வருடம் கழித்துக் கணபதியில் ஒருவர் 'டக் டக்கா, டொக் டொக்கா' என்று தமிழில் விசாரித்துச் சரிசெய்கிறார். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

என் அம்மா வண்டிக்கு நான் செய்யும் செலவுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் பழைய வீட்டில் அம்மி இருந்தது. தெருவில் "அம்மி கொத்தறது" என்று குரல் கேட்டால் அம்மா போய்க் கூப்பிடுவாள். உளியும் சுத்தியலுமாக, கொத்த வந்தவர் உட்கார்ந்து, வழுக்கிப்போன கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். கல் பழையபடி சொரசொரப்பாகும். அம்மி கெட்டுவிட்டது என்று யாரும் சொன்னதில்லை, ரிப்பேர் என்ற சொல்லே அங்கே கிடையாது. அரைத்தால் தேயும், தேய்ந்தால் கொத்தணும். வைத்திருப்பது என்றாலே அதுவும் சேர்த்துத்தான். வண்டிக்குப் புஷ் மாற்றிவிட்டு வந்தேன் என்றால் அம்மா கேட்பது ஒன்றுதான்: "கொத்தியாச்சா?"

மனைவி கணக்கு வேறு. கோடு போட்ட நோட்டு ஒன்றில் நான் எழுதி வைத்திருக்கும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வாங்குன வெலையப் போல ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருச்சுங்களே" என்றாள். கூட்டியது சரிதான், ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிக்கனத்துக்காகப் பழைய வண்டியை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் அது பொய். சுற்றுச்சூழலுக்காக என்று சொல்வதும் பொய்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளோடு வைத்துப் பார்த்தால் இதன் புகை மோசம். புதிதாக ஒரு வண்டி செய்ய வேண்டிய இரும்பும் மின்சாரமும் மிச்சமாகிறது என்பது உண்மை. அதைச் சொல்லி இந்தப் புகையை மறைக்க எனக்கு மனமில்லை. டெல்லியில் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்றபோது, அங்கே மூச்சுவிடத் திணறும் குழந்தைகளை நினைத்தால் எனக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை.

ஆகவே என்னால் முடிந்ததைச் செய்கிறேன். சைலன்சருக்கு முன்னால் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வண்டி பறக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி எழுதினால் 150 குதிரை 180-ஐத் தாண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் செய்யவில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளில் பரவலானதும், அதைத் தாங்கும் ரப்பரில் பெட்ரோல் குழாய்களை மாற்றினோம். ஆர்.சி. பதினைந்தாம் வருடம் ஒரு முறை, இருபதாம் வருடம் ஒரு முறை என்று இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. இந்த வண்டிக்காகக் கடன் வாங்குவதில்லை என்று ஓர் எல்லை வைத்திருக்கிறேன். மகளை உட்காரவைத்து ஓட்டும்போது பிரேக்கை நம்ப முடியாத நாள் வந்தால் அன்றோடு நிறுத்திவிடுவேன் என்பது இன்னோர் எல்லை. முடிவு தெரிந்த ஒன்றோடு வாழ்வதில் தெளிவு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது சரியாகத் தெரிந்துவிடுகிறது.

எதற்கு வேகம் என்ற கேள்விக்கு வருகிறேன். வருடத்துக்கு இரண்டு முறை வால்பாறை போகிறோம். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியருக்கு இறங்கி, வண்டியை நேராக்கி, மெல்ல அழுத்தினால் 2,000 சுழற்சிக்குள்ளாகவே டர்போ எழுந்துவிடும். வீணாகப் போகிற புகையைக் கொண்டே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பியூகி 1905-இல் காப்புரிமை பெற்றார். என் வண்டியில் அந்த விசிறி உள்ளங்கைக்குள் அடங்கும். அழுத்தி ஓட்டும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த இழுவை முதுகில் வந்து படும் கணத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐம்பது வயதில் அதை ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் மணிக்கு நாற்பதில்தான் அந்தச் சந்தோஷம். வேகமானியைப் பார்க்க வேண்டியதே இல்லை. மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் குட்டியோடு சாலையைக் கடக்கும். அங்கே வண்டி சத்தமில்லாமல், குலுங்காமல், கோடு போட்டதுபோல நிற்கிறது. அப்போது எனக்கு வருகிற பெருமை மேட்டில் ஏறும்போதுகூட வருவதில்லை.

மலையேறி வந்த டர்போவை உடனே அணைக்கக் கூடாது. சூட்டில் சிவந்திருக்கும்; ஆயில் ஓட்டம் நின்றுவிட்டால் உள்ளே தங்கிய ஆயில் கருகிப் படியும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஊருக்குள் ஓட்டிவிட்டு வரும்போது இது தேவையில்லை. ஆனாலும் பழகிப்போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து மாலை வீடு வந்து, வாசலில் நிறுத்தி, அந்த ஒரு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். போனை எடுப்பதில்லை. வகுப்பில் யாரையாவது அதிகமாகத் திட்டியிருந்தால் அது அந்த நிமிடத்தில்தான் மேலே வருகிறது. மகள் சின்னவளாக இருந்தபோது ஓடிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வாள். "அப்பா, வண்டி ஆறிருச்சா?" என்பாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், இருந்தாலும் சில நாள் வந்து உட்கார்கிறாள்.

போன மாதம் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய முறை மறுபடி வந்தது. இந்தத் தடவை தள்ளிப்போடவில்லை. சில நாட்களாகவே காலையில் ஒரு புதுச் சத்தம் இருந்தது, அதையும் சொன்னேன். அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. வழக்கமாக ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அன்றும் எடுத்தார். வைத்தார். இடது காதிலிருந்து எடுத்து வலது காதுக்கு மாற்றினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஸ்குரூ டிரைவரின் பிடியைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இப்பெல்லாம் சன்னமான சத்தம் எனக்குப் பிடிபட மாட்டேங்குதுங் தம்பி. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

எங்கே வைப்பது என்று அவர் என் கையைப் பிடித்துக் காட்டினார். இரும்பு வழியாக இஞ்சின் முழுதும் என் தலைக்குள் வந்துவிட்டது. முதலில் ஒரே இரைச்சல். கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் பிரிந்தது: கீழே சீரான கடகட, மேலே வால்வுகளின் டிக் டிக், அவற்றுக்கு நடுவில் இன்னொன்று.

"டக் டக்குங்களா, டொக் டொக்குங்களா?"

"ரெண்டும் இல்லீங்ண்ணா. கிர்ர்ருன்னு வருது. விட்டு விட்டு வருது. அழுத்துனா கூடுது."

அவர் சற்று யோசித்தார்.

"டென்ஷனர் பேரிங்குங்க. பெல்ட்டோட சேத்து மாத்தீரலாம்" என்றபடி பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரைத் தேடப் போனார்.